மூன்று வீட்டுக்கும் ஒரு தூம்பு

பென்னலூர்
24.11.91

அன்பு மகள் ஜோதிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஹேமந்தும் அப்படியே இருக்க முருகன் துணை நிற்கட்டும். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா தனியாக எழுதிப் போட்டுவிடுவாள். நேற்று ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன், பின்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள், பார்த்தால் என் வேட்டியின் பின்பக்கம் ஐந்து விரலும் பதிய வெள்ளையாக ஒரு கை. என் கையேதான், மாடியில் சுண்ணாம்பு குழைத்துவிட்டுத் துடைத்த இடம் அது. இன்னா நடேசா, வூட்டுக்கு அடிக்க வேண்டியத உனக்கே அடிச்சுகினியா என்று கடைக்கார நாகப்பன் கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சுண்ணாம்பு உன் கனகம் பெரியம்மா வீட்டு மாடிக்கு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் வீடும் நடுவில் பெரியம்மா வீடும் பூட்டிக் கிடக்கும் கடைசி வீடும் வெளியே பார்க்க மூன்று வாசல், கட்டியது ஒன்றாகத்தான். என் தாத்தா தன் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து வரிசையாகக் கருங்கல்லில் எழுப்பினார், வீட்டுக்கு வீடு நடுவில் ஒரே சுவர், மேலே தேக்குச் சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டுத் தட்டிய ஒரே மாடி. வாட்டம் முழுக்க நம் பக்கம், மூன்று வீட்டு மழைத் தண்ணீரும் நம் முனையில் இருக்கும் ஒற்றைக் கல் தூம்பில்தான் இறங்க வேண்டும். இன்னும் இரண்டு தூம்பு வைக்கக் கிழவருக்கு மனசு வரவில்லை, கஞ்சன் என்று நான் பேசியதுண்டு.

தண்டலம் பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற இரண்டு பையன்களுக்கு நம் மாடியில் கொட்டகை போட்டு வாடகைக்கு விட்டதைப் பெருமையாக எழுதியிருந்தேனே, அங்கேதான் ஆரம்பம். பெரியம்மா தனியாக இருக்கிறவர், அவர் மாடிக்குப் பையன்கள் போகக்கூடாது என்று நடுவில் இடுப்பளவு ஒரு சுவர் எழுப்பினேன். வடகம் காயவைக்க வந்தவர் பார்த்துவிட்டு, இன்னா தம்பி, மாடிக்கே பாகம் பிரிச்சுட்டியா என்று கேலி செய்தார். தண்ணீர் போக அடியில் ஓர் ஓட்டை விடும் அளவுக்கு எனக்கு மூளை இருந்தது, அந்த மூளை ஐப்பசி வரை தாங்கவில்லை. காத்து அடிச்சா ஓட்டை வழியாப் பீடித் துண்டு வந்து வடகத்துல விழுது, பசங்கள கொஞ்சம் இன்னான்னு கேளு தம்பி என்றார். கேட்டால் கோபித்துக்கொண்டு காலி செய்துவிடுவார்களோ என்று பயந்து, ஒரு கரண்டி சிமெண்டை எடுத்து ஓட்டையை அடைத்துவிட்டேன். வேலை சுத்தமாக முடிந்தது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தீபாவளி கழிந்து பிடித்த மழையில் இரண்டு மாடித் தண்ணீரும் பெரியம்மா வீட்டுக்கு மேல் குளமாக நின்றது. நானோ நம் தூம்பைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொஞ்சமாக விழுகிறதே, மழை குறைந்துவிட்டது போல என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல் சுவரில் செருகியிருந்த சட்டத்தின் முனை ஊறி இற்றுப்போய், செங்கல்லும் காரையும் பெரியம்மா கட்டில்மேல் கொட்டியது. அந்த நேரம் அவர் நம் அடுப்படியில் உன் அம்மாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தார், அந்த டீதான் காப்பாற்றியது. மறுநாள் மகள் கங்கா வந்து படப்பைக்கு அழைத்துப் போய்விட்டாள். நான் சுவரை இடித்துப் போட்டேன், முனிரத்தினம் மேஸ்திரி புதுச் சட்டம் மாட்டிவிட்டார்.

போன ஞாயிறு நானும் உன் அம்மாவும் படப்பைக்குப் போய், பூச்சுதான் பாக்கி, வாங்க அண்ணி என்று கூப்பிட்டோம். வர மாட்டேன் என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். நான்தானே தம்பி அந்த ஓட்டையப் பத்தி உன்கிட்ட வந்து சொன்னேன், வாய மூடிகினு இருந்திருந்தா பெரியவங்க கட்டுன வூடு நல்லா இருந்திருக்கும், எந்த மூஞ்சிய வச்சுகினு உள்ள வர்றது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனை வாங்குகிற ஆள் ஒருவரைக் கங்காவின் வீட்டுக்காரர் பேசிவைத்திருக்கிறார், தை பிறந்ததும் பத்திரமாம். வாங்குகிறவர் நடு வீட்டை இடித்தால் நம் மாடி நிற்குமா என்று மேஸ்திரி கவலைப்படுகிறார், எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அண்ணி அப்படிக் கண்ணைத் துடைத்ததும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் சுண்ணாம்பு விலையைப் பற்றிப் பேசினேன், பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துகொண்டேன்.

அங்கே குளிர் அதிகம் என்று கேள்வி, ஹேமந்துக்குக் காதை மூடித் தொப்பி போட மறக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
நடேசன்

பி.கு. படப்பையில் என் வாய்வரை வந்து நின்றுபோனது இது: அண்ணி, நீங்க பசங்களத்தான் கேக்கச் சொன்னீங்க, ஓட்டைய அடைக்கச் சொல்லல.