மெஷின் நின்ற கதையும் அப்பா வராத காரணமும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், முதலில் அதுதான். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, இந்த முறை முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள், மிச்சத்தைக் கீழே எழுதுகிறேன், பயப்படும்படி ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, டிக்கெட் போடவா என்று எத்தனை தடவை கேட்டாலும் அப்பா ஏன் தட்டிக்கழிக்கிறார், என் மேல் ஏதாவது கோபமா, என் வீட்டுக்காரர் ஏதாவது சொல்லிவிட்டாரா என்று. அவருக்கு முட்டிவலி என்று சொல்லி மழுப்பினேன். கோபமும் கிடையாது, முட்டிவலியும் கிடையாது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் வாஷிங் மெஷினில் இருந்துதான் தொடங்க வேண்டும், பொறுமையாகப் படி.

நீ வாங்கிக் கொடுத்த மெஷின் வந்த புதிதில் சமர்த்தாகத்தான் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் அதற்குப் புத்தி மாறிவிட்டது. வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கும், கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு நின்றுகொண்டு பீப் பீப் என்று கத்தும், கதவையும் திறக்க விடாது. உள்ளே துணி ஊறிக்கொண்டு கிடக்கும், கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். கம்பெனிக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, அப்புறம் பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் நடுநடுவே சொல்லும், அவ்வளவு முக்கியம் என்றால் எடுக்க வேண்டியதுதானே. மெக்கானிக் வருவார் என்று சொன்ன நாளெல்லாம் காய்கறி வாங்கக்கூடப் போகாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சாயங்காலம் மெசேஜ் வரும், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, புகார் முடிக்கப்பட்டது என்று. நான் வீட்டில் இல்லையாம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுவரை எல்லாவற்றையும் கையால் துவைத்துப் பிழிந்ததில் மணிக்கட்டு வீங்கிப்போய், ஒரு பாட்டில் மூடியைத் திறக்கக்கூட உன் அப்பாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

ஒருவழியாக மெக்கானிக் வந்தார். ஒரு சட்டைப் பட்டனை உள்ளிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், மறுபடியும் பீப். அடுத்த முறை வந்தபோது மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் பால்கனியைப் பார்த்தார். கொடி முழுக்க நீலப் பெட்ஷீட், எல்லாம் ஒரே நீலம், ஒரே கரை. எந்த லாட்ஜுக்கும்மா துவைச்சுக் குடுக்கறீங்க என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. உன் அப்பாவைப் பார்த்தேன், அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். விருந்தாளிகள் வந்திருந்தார்கள் என்று உளறினேன். மெக்கானிக் சமையலறை மேடையில் கவிழ்த்திருந்த இரண்டே தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் போனில் எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கம்பெனியில் இருந்து தகவல், மெஷினைத் தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்கள், வாரண்டி செல்லாது என்று.

இப்போது அந்தப் பெட்ஷீட் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் அப்பாவுக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும், நல்லபடியாக முடிந்தது என்றும் சொன்னோம், அது பொய்யில்லை. அதற்குப் பிறகு அவருக்குச் சிறுநீர் அடங்குவதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. படுக்கை தினமும் நனைந்துவிடுகிறது, சில நாள் பகலிலும். நாளாக ஆகச் சரியாகும், பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்கிறார், முன்னைக்கு இப்போது பரவாயில்லைதான். ஆனால் அவர் மனசு கேட்கவில்லை. டயப்பர் வாங்கி வைத்தேன், குட்டிக்கு அனுப்பிவிடு என்றார். ஒரே நிறத்தில் பெட்ஷீட் வாங்கும் யோசனையும் அவருடையதுதான், தினம் மாற்றினாலும் வருகிறவர் போகிறவர் கண்ணுக்குத் தெரியாதாம். வேலையில் இருந்த காலம் முழுக்கக் குடிநீர்க் குழாய் ஒழுகலை அடைத்துக்கொண்டு திரிந்த மனிதர், எனக்கே இப்படியா என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார், அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவே வேண்டாம். வாக்கிங் நின்றது, கல்யாணம் காட்சிக்குப் போவது நின்றது. விமானத்தில் அத்தனை நேரம், உன் வீட்டு சோபா, மாப்பிள்ளைக்கு எதிரில் என்று அவர் மனசுக்குள் ஓடியதைத்தான் நீ கோபம் என்று நினைத்துவிட்டாய். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

வாரண்டிக்காக நான் விடாமல் போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குரல், ஒவ்வொரு தடவையும் ஆதியில் இருந்து கதை. கடைசியாகப் பேசிய பெண் மரியாதையாகத்தான் கேட்டாள், ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதுக்கு மேடம் இவ்வளவு பெட்ஷீட் என்று. வலிக்கிற கையால் போனைப் பிடித்துக்கொண்டு என்ன பொய் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது உன் அப்பா எழுந்து வந்து போனை வாங்கினார். இந்தா பாரும்மா, நான் அவங்க வீட்டுக்காரர், ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு மூத்திரம் அடங்கறதில்ல, அந்தப் பெட்ஷீட்டெல்லாம் என்னோடது, லாட்ஜும் இல்ல ஒண்ணும் இல்ல, இவ கை வீங்கிக் கெடக்கு, மெஷின சரிபண்ணிக் குடுங்க என்றார். போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது, அந்தப் பெண் தயங்கித் தயங்கி, சார், இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது என்றாள். ஆகட்டும்மா, நல்லா ஆகட்டும், ஆளாளுக்குத் திரும்பத் திரும்ப என்னால சொல்ல முடியாது என்றார்.

இரண்டாம் நாளே அதே மெக்கானிக் வந்து தண்ணீர் வெளியேற்றும் பம்பை மாற்றினார், காசு வாங்கவில்லை, அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசத்தான் கொஞ்சம் கூசினார். மெஷின் ஓடுகிறது, சுற்றும்போது ஒரு முனகல் இருக்கிறது, அதை நான் நம்பத் தயாரில்லை, கம்பெனி நம்பரைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்குப் போனை வைத்த பிறகு அப்பா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார், பேர் தெரியாத பொண்ணுகிட்டயே சொல்லியாச்சு, பெத்த பொண்ணுகிட்ட சொல்றதுக்கு என்ன, எழுதிடு என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. அலமாரியில் இருந்த டயப்பர் கட்டையும் அவரே எடுத்துப் பிரித்தார், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நீ போன் செய்யும்போது அழாதே, ஐயோ அப்பா என்று ஆரம்பிக்காதே, வழக்கம்போலப் பேசு. மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. குளிரில் குட்டியை வெறுங்காலோடு விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

மறக்காமல் ஒன்றுக்குப் பதில் எழுது. உங்கள் வீட்டு மெஷின் எந்தக் கம்பெனி, துணியை அதுவே உலர்த்தியும் கொடுக்குமா என்று அப்பா கேட்கச் சொன்னார், டிக்கெட் போடுவதற்கு முன்னால் தெரிய வேண்டுமாம். பெட்ஷீட் எந்த நிறமாக இருந்தாலும் பரவாயில்லையாம்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா