அக்கா, உனக்கு நான் சொல்லாத மூன்று வாரம்

எனக்கு மட்டும் டாக்டராக இல்லாமல் அக்காவாகவே இருந்த சாந்தாமணி அக்காவுக்கு,

உன் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் நீ சிரிக்கிற படத்தைத்தான் போட்டிருக்கிறோம்.

முப்பது வருஷம் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றபின் நீ சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த புத்தகம். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க நோயாளிகளின் சொந்தக்காரர்கள் மேல் உனக்குக் கோபம். வராந்தாவில் டாக்டரின் கையைப் பிடித்து, நோயாளிக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சுகிறவர்கள் மேல். போகப்போகிறவரின் மிச்ச நாட்களை நீங்கள் திருடுகிறீர்கள் என்று எழுதச் சொன்னாய். நானும் தலையாட்டிக்கொண்டே அடித்தேன்.

அந்த அத்தியாயம் முடிந்த வாரம்தான் உன் முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்தோம். கணையத்தில் கட்டி, கல்லீரல் வரை பரவியிருந்தது. உன்னிடம் வேலை பழகிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லாமலிருக்க அவரும் அரைமனதாகச் சம்மதித்தார்.

எலும்புத் தேய்மானம் என்று உன்னிடம் சொன்னேன். ஸ்கேன் படத்தைக் கொண்டா என்று நீ கேட்கவில்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். நீ கேட்டாய் என்று காரமடைக் கோயிலுக்குக்கூட அழைத்துப் போனேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு நீ சொன்னாய்: "கண்ணு, அந்த அத்தியாயத்துல ஒண்ணு சேர்த்திப்போடு. நோயாளிக்குத் தெரிஞ்சுதான் இருக்கும். சொல்ல முடியாம தவிக்கிற தம்பியப் பார்த்தா, தெரியாதாட்டவே இருந்துபோடலாம்னு தோணும்."

நான் அழுதேன். நீ என் தலையில் கை வைத்து, "போதும் கண்ணு. இனி நெசம் பேசலாம்" என்றாய்.

நீ போகும்வரை பதினோரு நாள் பேசினோம். பயமாக இருக்கிறது என்றாய். எத்தனையோ பேருக்குச் சொன்ன தைரியம் எனக்கு வரவில்லையே என்றாய். எனக்காக நீ பொத்தி வைத்திருந்த அந்த மூன்று வாரத்தில், அக்கா, இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருப்பாய்?

புத்தக வெளியீட்டுக்குக் கிணத்துக்கடவிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மார்பில் கட்டி வந்து உன்னிடம் குணமானவர். கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்தார். "எனக்கு அவங்கதானுங்க பக்கத்துல உக்காந்து பக்குவமாச் சொன்னாங்க. அவங்களுக்கு ஆருங்க சொன்னாங்க?"

"நான் சொல்லியிருக்கோணுமுங்க. சொல்லலீங்க" என்றேன்.

அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை அங்கேயே இருந்தார்.

அடுத்த பதிப்புக்கு நான் ஒரு முன்னுரை எழுதப்போகிறேன், அக்கா. நான் செய்ததை ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதுவேன்.

உனக்கு உண்மையைச் சொல்லப் பயந்த,
உன் தம்பி
செல்வராஜ்