கை முறுக்குவோம், வீட்டுக்கே வருவோம்

தாராவி

அன்பு மகள் இசக்கிசெல்விக்கு அம்மை எழுதுவது. இங்க நானும் உங்க அப்பாவும் சொகமா இருக்கோம், மஸ்கட்ல நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு இசக்கியம்மன்ட்ட தெனமும் கேட்டுக்கிடுதேன். புதன்கிழமை நீ போன் போட்டப்போ கட் பண்ணுனது நான்தான், கோவிச்சுக்கிடாத, அந்தக் கதைய போன்ல சொன்னா பாதியிலயே சிரிச்சிருவ, அதான் எழுதுதேன்.

நம்ம மகளிர் குழுவுக்கு செம்பூர்ல கீதான்னு ஒரு பிள்ளையோட வளைகாப்புக்குக் கைமுறுக்கு ஆர்டர் வந்துச்சு, குழுவுக்கு இதுதான் மொதப் பெரிய ஆர்டர். மறுநாளே அவ மாட்டுங்கா கடையிலயும் விசாரிக்கான்னு காதுல விழுந்துச்சு. உடனே நம்ம குழு சாயிரா என்ட்ட, பேராச்சிக்கா, நீங்கதான தலைவி, வாட்சப்ல ஒரு மெசேஜ் போடுங்க, வாயால சொன்னா போனே எழுதிக்கிடும்னா. நானும் வேற எங்கயும் போவாதீங்க, கைமுறுக்கு நல்லா சுத்தி வீட்டுக்கே கொண்டு வாரோம்னு சொன்னேன். அந்தப் பாழாப்போன போன் கையையும் முறுக்கையும் பிரிச்சு, கொண்டுங்கிறத முழுங்கி எழுதியிருக்கு, நான் கண்ணாடி போடாம அனுப்பிட்டேன். கீதா இங்கயே பொறந்தவ, தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது, போன்ட்டயே ஹிந்தியில மாத்தச் சொல்லியிருக்கா. அது, எங்கயும் போகக்கூடாது, கைய நல்லா முறுக்குவோம், வீட்டுக்கே வருவோம்னு சொல்லியிருக்கு!

இது தெரியாம நானும் சாயிராவும் மாதிரிக்கு ஒரு டப்பா முறுக்கோட கீதா வீட்டுக்குப் போனா, அவ சொல்லி வச்சிருந்த வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிட்டு, ஹாத் மரோட்னேவாலி ஆயி ஹை, கை முறுக்குறவ வந்துட்டான்னு செக்ரட்டரிக்கு போன் போடுதான். டப்பாவத் தொறக்கப் போனா, கோலோ மத், தொறக்காதன்னு அலறுதான். திரும்பி வந்து சாயிரா அந்த மெசேஜ வாசிச்சுக் காட்டுனப்போதான் போன் பண்ணுன கூத்து புரிஞ்சுச்சு. உங்க அப்பா இனிமே அந்தப் போனைத் தொடாதன்னுட்டார். எனக்கு ரோசம் வந்துட்டு. அரிசி டப்பா மேல போனைச் சாய்ச்சு வச்சு, வாயே தொறக்காம, மாவ எடுத்து விரலால முறுக்கி முறுக்கிச் சுத்திக் காட்டி நானே வீடியோ எடுத்தேன். அந்நேரம்தான் நீ போன் போட்டு, நடுவுல ஒன் மூஞ்சி வந்து நின்னுச்சு, கட் பண்ணிட்டு மறுபடி மொதல்லருந்து எடுத்து அனுப்புனேன்.

கொஞ்ச நேரத்துல கீதா போன் போட்டா, சிரிப்புல அவளுக்குப் பேச்சே வரல. அவ மாமியார் வாங்கி, வளைகாப்பன்னைக்கு எங்க வீட்டுக்கே வந்து எல்லார் முன்னாலயும் சுத்துங்கன்னாங்க. ஞாயித்துக்கிழமை குழுவே போனோம். வாட்ச்மேன் என்னைக் கண்டதும் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டு, இடுப்பாலயே கேட்டைத் தள்ளித் தொறந்தான்!

நைட் டூட்டியில வெறும் டீயாக் குடிக்காத, தலைக்கு எண்ணெய் வை. அப்பா ஆசி சொன்னார், சாயிரா துவா சொன்னா. நோய்நொடி அண்டாம நீடூழி இரு மக்கா. லீவுக்கு வரும்போது எனக்குப் பவுடர், சோப்பெல்லாம் வேண்டாம், போனை நிக்க வைக்க ஒரு ஸ்டாண்டு மறக்காம வாங்கிட்டு வா.

ஒன்னையே நெனச்சிருக்கும் அம்மை,
பூ. பேராச்சி,
குழுத் தலைவி