தட்டாமல் விட்ட கதவு

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது நாளாக மலைப்பக்கம் புகை. காயப்போட்ட துணியெல்லாம் கரி வாசம் அடிக்கிறது. மாலையில் நகர அலுவலகத்தில் கூட்டம். தெருவுக்கு ஒருவர் பொறுப்பு எடுக்க வேண்டுமாம். எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூட ஸ்டோர்ரூம் சாவிக்கொத்தைப் பதினெட்டு வருஷமாகச் சுமக்கிறவள் நான், இது என்ன பிரமாதம் என்று கையைத் தூக்கினேன்.

பதினான்கு வீடு. ஒரு பட்டியல், ஒரு கட்டு வெள்ளைத் துணி. வெளியேறும் உத்தரவு வந்ததும் ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும். வீட்டில் யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு கேட்டில் ஒரு துணியைக் கட்ட வேண்டும். துணி இருக்கிற வீட்டில் தீயணைப்பு வண்டி நிற்காது. துணி இல்லாத வீட்டில் நிறுத்தி, உள்ளே போய் ஆள் தேடுவார்கள். அவ்வளவுதான்.

பட்டியலில் பதினான்காவது வீடு அண்ணியுடையது. என் வீட்டுக்காரருடைய அக்கா. கணவர் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். பல் செட் செய்கிற வேலை. ஊரில் பாதிக் கிழங்கள் அவள் தயவில்தான் சிரிக்கின்றன. நானும் அவளும் பேசி இரண்டு வருஷம் ஏழு மாதம் ஆகிறது.

இவருக்கு ஒரே சிரிப்பு. "அக்கா வீட்டுக் கதவையும் நீதான் தட்டணுமா? ஹெல்மெட் போட்டுட்டுப் போ."

மார்ச் 5, வியாழன்

புகை இன்னும் நெருங்கியிருக்கிறது. அண்ணியைக் கடைத்தெருவில் பார்த்தேன். நான் இந்தப் பக்கம் திரும்ப, அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். நன்றாகப் பழகிவிட்டோம்.

மாமியார் போன அன்று உடம்பைத் துடைக்கும்போது முதுகைப் பார்த்துவிட்டு, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னாள்: "எங்கம்மாவ அழுக விட்டிருக்கா பாருங்க." நாலு வருஷம் பெட்பேன் எடுத்த கை இது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவளுக்கு என்ன தெரியும்?

படுக்கைப் புண் இருந்தது. அது உண்மைதான்.

மார்ச் 6, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் இதுதான் முகாம். ஒவ்வொரு வகுப்பறையிலும் ஐம்பது அறுபது பேர்.

மதியம் இரண்டரைக்குச் சைரன். வானம் ஆரஞ்சு நிறம். மூன்றாம் வீட்டுத் தபால்காரர் ஓய்வுபெற்றுப் பத்து வருஷம் ஆகிறது, யூனிபார்மை எடுக்காமல் வரமாட்டேன் என்றார். எட்டாம் வீட்டம்மா குளியலறைக்குள்ளிருந்து "தல துவட்டிட்டு வந்துடறேன்" என்று கத்தினாள். தலையாவது துவட்டுவதாவது என்று துண்டோடு இழுத்து வந்தேன். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றே முக்காலுக்கு எல்லோரையும் ஏற்றிவிட்டேன்.

பதினான்கு வீடும் முடிந்தது. பதினான்கிலும் ஆள் இல்லை என்று பார்த்துத்தான் துணி கட்டினேன்.

மார்ச் 7, சனி

அண்ணி ஆஸ்பத்திரியில்.

நேற்று மாலை ஐந்தரைக்கு ஒரு தண்ணீர் லாரிக்காரர் சாலையில் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயிருக்கிறது. கேட்டின் இரும்புத் தாழ்ப்பாள் பழுக்கக் காய்ந்திருக்க, அதைக் கையாலேயே இழுத்துத் திறந்திருக்கிறாள். புகை நெஞ்சுக்குள் போயிருக்கிறது. பேச முடியவில்லை. வீடு இல்லை. எங்கள் வீடும் இல்லை, தெருவே இல்லை என்கிறார்கள். அது இன்னும் மண்டையில் ஏறவில்லை.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து என் முன்னால் நின்றார். "நீ போனப்ப அக்கா வீட்டுல இல்லையா?"

"வண்டி இல்லையே. ஸ்கூட்டர் வாசல்ல இல்ல."

உண்மைதான். ஸ்கூட்டர் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

போர்வை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

மார்ச் 9, திங்கள்

தீயணைப்பு வண்டி டிரைவர் முகாமுக்கு மெத்தை இறக்க வந்தார். கட்டை மீசை, பெரிய உடம்பு. வெள்ளிக்கிழமை நாலேகாலுக்கு எங்கள் தெரு வழியாகப் போனது அவர் வண்டிதான். பின்னால் இருந்தவர்களுக்குப் புகையில் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்துவதா வேண்டாமா என்று பார்த்தது அவர் ஒருவர்தான். விஷயம் தெரிந்ததும் எங்கள் தெருக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தபால்காரர் சட்டையையே பிடித்துவிட்டார். "ஒரு பொம்பள உள்ள இருக்கா, பாக்காம போயிட்டியே, நீயெல்லாம் மனுஷனாய்யா?"

"துணி இருந்துச்சு ஐயா. கடைசி கேட்டுலயும் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

பத்து நிமிஷத்தில் தீயணைப்பு நிலைய அதிகாரி ஆசிரியர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார். "பதினாலாவது வீட்டுல துணி கட்டினீங்களாம்மா?"

நான் சொன்னேன்: "இல்ல சார். தட்டிப் பாத்தேன், பதில் இல்ல. அதனால கட்டாம விட்டுட்டேன்."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். கேட்டில் இருந்தது எரிந்துபோயிற்று; நான் சொன்னது பொய் என்று காட்ட என்ன இருக்கிறது?

மார்ச் 11, புதன்

டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

காலை உணவின்போது நகர அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மைக்கில் பேசினார். தெருப் பொறுப்பாளர்களை எழுந்து நிற்கச் சொன்னார். என்னைக் காட்டி, "இவங்க மட்டும் பதிமூணு குடும்பத்தக் காப்பாத்தியிருக்காங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எட்டாம் வீட்டம்மா எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுதாள். இவரும் கைதட்டினார்.

நான் சிரித்தேன். சிரித்தேனே! அந்த வாயை என்ன செய்தால் தகும்?

மார்ச் 12, வியாழன்

வெள்ளிக்கிழமை இந்த நோட்டில் எழுதியதில் ஒரு வரி பொய். எனக்கு நானே எழுதுகிற நோட்டில் யாருக்காகப் பொய் சொன்னேன்?

நடந்ததை எழுதுகிறேன்.

பதின்மூன்று கதவு தட்டினேன். பதினான்காவது வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்றேன். ஸ்கூட்டர் இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன். இல்லை, நினைத்துக்கொண்டேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. கேட்டிலிருந்து கதவு பத்தடிகூட இருக்காது. தட்டினால் திறப்பாள். திறந்தால் நான்தான் முதலில் பேச வேண்டும். என்னவென்று பேசுவேன்? "அண்ணி, வாங்க"ன்னா? அவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாள்? நெருப்பு மலையிறங்கி வருது, நான் இதை யோசிச்சிட்டு நின்னேன்.

துணியைக் கட்டினேன். இரண்டு முடிச்சு.

திரும்பும்போது வாசற்படியில் செருப்பைப் பார்த்தேன். நீலப்பட்டை வைத்த செருப்பு, வெளியே போகும்போது போடுகிறது. வேறு ஜோடி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். நடக்கலை, ஓடினேன்.

பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன்.

மார்ச் 14, சனி

அண்ணிக்குப் பேச்சு வந்துவிட்டது, உன்னைக் கேட்டாள் என்றார் இவர். போனேன்.

இரண்டு கையும் மணிக்கட்டுவரை கட்டு, தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். குரல் அரத்தால் ராவின மாதிரி இருந்தது. இவர் மருந்து வாங்கப் போனதும் அவளே ஆரம்பித்தாள்.

"ஸ்கூட்டர் மெக்கானிக்கிட்ட கெடந்துச்சு. போன்ல சிக்னல் இல்ல. என்ன பண்றதுன்னு தெரியாம ஜன்னல்கிட்ட நின்னேன். நீ வந்து துணி கட்டுறதப் பாத்தேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"வண்டி வந்து ஏத்திக்கிறதுக்கு அடையாளம்னு நெனச்சேன். கூட்டத்துக்கு நான் எங்க வந்தேன்? சரி, சண்டைன்னாலும் எனக்கும் சேத்து ஒண்ணு கட்டிட்டுப் போறாளேன்னு…" இருமினாள். "அதான் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். வண்டியும் வந்துச்சு. கை ஆட்டினேன். நிக்காம போயிடுச்சு. ஏன் நிக்கல?"

அவளுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"அண்ணி, அந்தத் துணி... வீட்டுல ஆள் இல்லைன்னு அர்த்தம்."

பார்வையைக் கூரைக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்: "நீ தட்டலையே?"

"தட்டல."

"ம்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மார்ச் 15, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். மைதானத்துக் குழாயடியில், பாத்திரம் கழுவுகிற இடத்தில். வேறு எங்கே தனிமை இருக்கிறது?

ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வேணும்னேவா செஞ்ச?"

"இல்ல" என்று வாய்வரை வந்தது. "தெரியல" என்றேன்.

குழாயை மூடினார். கழுவிய தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். மாலைவரை என் பக்கம் வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

நிலைய அதிகாரியிடம் போனேன். எழுதிக் கொடுத்தது பொய் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, பிறகு திறந்து, "சரி, புதுசா எழுதுங்க" என்றார். முதல் தடவை ஒரே மூச்சில் எழுதியவள், இன்று மூன்று தாளைக் கிழித்தேன். கடைசியில் நாலே வரி. தட்டவில்லை. பார்க்கவில்லை. துணி கட்டினேன். கட்டவில்லை என்று சொன்னது பொய்.

டிரைவரின் வீட்டு முகவரியைக் கேட்டேன். "எதுக்கும்மா, நாங்க சொல்லிக்கிறோம்" என்றார். வாங்கிக்கொண்டு போனேன்.

அவரே கதவைத் திறந்தார். முகத்தில் புத்தம் புதுக் கண்ணாடி. சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார். பிறகு படியில் உட்கார்ந்தார்.

"ஒரு வாரமா எனக்குக் கண்ணுதான் சரியில்லைன்னு நெனச்சிட்டிருந்தேம்மா. இல்லாத துணி எப்படித் தெரிஞ்சுதுன்னு. டாக்டர்கிட்ட போனேன், அவரு ஏதோ லேசா பவர் இருக்குன்னு இத எழுதிக் குடுத்துட்டாரு." கண்ணாடியைக் கழற்றி என்னிடம் காட்டினார். "இனிமே வண்டியே ஓட்டக் கூடாதுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன்."

"மன்னிச்சிடுங்க."

"இப்ப என்னால முடியாதும்மா. போயிட்டு வாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வழியெல்லாம் குடைந்தது.

மார்ச் 20, வெள்ளி

செய்தி முகாம் முழுக்கப் பரவிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் இடைவெளி. எட்டாம் வீட்டம்மா என்னைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினாள். தபால்காரர் டிரைவர் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்டாராம், அந்தப் பழைய யூனிபார்மைப் போட்டுக்கொண்டு.

பொறுப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். விசாரணை இருக்குமாம். ஸ்டோர்ரூம் சாவியை ஹெட்மாஸ்டர் கேட்பதற்கு முன் நானே மேஜையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பி என் பக்கமே தள்ளி, "போர்வை யாரு எண்ணுறது?" என்றார்.

டிரைவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இவர் இன்று என்னோடு பேசினார். "சோப்பு தீந்துடுச்சு."

மார்ச் 23, திங்கள்

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அண்ணி பேசுவதில்லை. நர்சுக்கு ஆள் போதவில்லை. கஞ்சி ஊட்டுகிறேன், வாயைத் துடைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் திறக்கிறாள். விரல்கள் பழையபடி மடங்குமா என்று டாக்டர் இப்போதைக்குச் சொல்ல மாட்டாராம். பல் செட் வேலைக்கு விரல்தானே எல்லாம்.

புரட்டிப் படுக்க வைக்கும்போது முதுகைப் பார்த்தேன். சிவந்திருந்தது. பவுடர் போட்டேன்.

மார்ச் 26, வியாழன்

கஞ்சி முடிந்து கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்.

"ஏய்."

திரும்பினேன். முகம் அஷ்டகோணலாக இருந்தது. வலியோ என்று பயந்து ஓடினேன்.

"மூக்கு அரிக்குது."

சொறிந்துவிட்டேன்.

"அங்க இல்ல. இடது பக்கம். இன்னும் கீழ. ஆங்." கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து என்னை நேராகப் பார்த்தாள். "தாழ்ப்பாளத் தொட்டப்ப உன்னத்தான் நெனச்சேன். நீ நல்லா இருக்க மாட்டன்னு சொன்னேன்."

"சரி அண்ணி."

"இன்னும் அப்படித்தான் தோணுது."

"சரி."

"என்ன சரி சரிங்கற? நாளைக்கு வரும்போது நகத்த வெட்டிட்டு வா. கீறுது."

மார்ச் 27, வெள்ளி

முகாமில் நகவெட்டி கிடைக்கவில்லை. ஸ்டோர்ரூமில் கத்தரிக்கோல் இருந்தது. வெட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.