கிருஷ்ணப்பன் காதில் விழப் படித்த செய்திகள்

பாகலூர், 19 ஜனவரி 1956

இன்றைய வார்த்தை: டெஸ்டேட்டர். உயில் எழுதுகிறவன் என்று பொருள். பேப்பரில் கோர்ட்டுச் செய்திகளுக்குள் கிடைத்தது. ஒரு துணி வியாபாரி மூத்த மகனை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் இளையவனுக்கு எழுதி வைத்துச் செத்திருக்கிறான். மூத்தவன் வழக்குப் போட்டிருக்கிறான். அவன் யாரோ எவனோ, ஆனால் ஜெயிக்க வேண்டும்.

இன்டர்மீடியட் தேறியவன் நான். லா காலேஜுக்குப் போகிறேன் என்றபோது அப்பா, "ஏர் பிடிக்க ஆள் இல்ல, உனுக்குக் கறுப்புக் கோட்டு கேக்குதா?" என்றார். இருபத்தைந்து வருஷமாக ஏர் பிடித்தாயிற்று. இப்போது, அவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய தோட்டம் முழுவதும் தம்பி கிருஷ்ணப்பனுக்கு என்று உயில் எழுதப் போகிறாராம். எனக்குப் பேரிகைக்குப் போகும் பாதையில் உள்ள மேட்டு நிலம். அங்கே கொள்ளு விதைத்தால் கல் முளைக்கும்.

கறுப்புக் கோட்டு இல்லாமலே சட்டம் படிக்கிறேன். பார்க்கலாம்.

27 ஜனவரி

அட்டெஸ்டேஷன். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்திடுவது. அகராதியில் படித்தால் மறுநாள் மறந்துவிடுகிறது. ஒரு குடும்பம் நாசமான செய்தியோடு படித்தால் நிற்கிறது.

உரக்கப் படிக்கிறேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில் விளக்கம். நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் கிருஷ்ணப்பன் குடும்பமும் அவனோடு அப்பாவும். காதில் விழட்டும். தங்கை ருக்மணி மட்டும் எதிரே உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் செத்த பிறகு வந்தவள், இரண்டு அடுப்புக்கும் வேலை செய்கிறவள்.

என் மனைவி வெங்கடம்மாள் கேட்டாள்: "பேப்பர் படிக்கிறீங்களா, தண்டோரா போடுறீங்களா?"

11 பிப்ரவரி

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிருஷ்ணப்பன்: "சாலுண்ணா, சாலு! போதும், மாடு மெரளுது!"

அவன் பெண்டாட்டி சிரித்தாள். சிரிக்கட்டும்.

3 மார்ச்

அண்டியூ இன்ஃப்ளுயன்ஸ். தளர்ந்தவனைக் கைக்குள் போட்டுக்கொண்டு எழுதி வாங்குவது. அந்தத் துணி வியாபாரியின் வழக்கில் டாக்டரைக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். இன்று அந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன்.

சாயங்காலம் அப்பாவே கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"ஏன்டா சம்பங்கி, கெழவனுக்குப் புத்தி கலங்கிப்போச்சின்னு கோர்ட்டுல சொல்லுவாங்களா?"

"சொல்வார்கள். படுக்கையை நனைத்தீர்களா என்றுகூடக் கேட்பார்கள். மறுநாள் பேப்பரில் வரும்" என்றேன்.

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். பிறகு சொன்னார்: "செத்தப்புறம் எம்பேரு பேப்பர்ல வர வேணாம்டா. நான் ஒண்ணியும் எழுதல. நீங்களே பிரிச்சிக்கோங்க."

உயில் இல்லை என்றால் தோட்டத்தில் பாதி எனக்கு. ஒரு வக்கீலுக்கும் கும்பிடு போடாமல், வெறும் பேப்பரைக் கொண்டு சாதித்தேன். லா காலேஜில் இதைவிட என்ன கற்றுக்கொடுத்திருப்பான்?

9 மே

இன்டெஸ்டேட். உயில் எழுதாமல் சாகிறவன். டெல்லியில் இந்து வாரிசு மசோதா பற்றி நடக்கும் விவாதத்தில் இந்த வார்த்தை வருகிறது. எங்கள் விஷயத்துக்கே தைத்தது போன்ற வார்த்தை. ருசித்துப் படித்தேன்.

ருக்மணி கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்படிச் செத்தா மவளுக்கும் சமபங்குன்னா போட்டிருக்குது?"

"ஆமாம், டெல்லிக்காரர்கள் வீட்டு மகள்களுக்கு. இங்கே சீர் செய்து அனுப்பியதோடு சரி."

"இன்னொரு தடவ படிண்ணா."

படித்தேன். உச்சரிப்புக்கு நல்லது.

21 ஜூன்

மசோதா சட்டமாகிவிட்டதாம். குரல் கட்டியிருந்ததால் மெதுவாகவே படித்தேன். ருக்மணி நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.

14 ஆகஸ்ட்

விடியற்காலையில் அப்பா போய்விட்டார். கடைசித் தண்ணீரைக் கிருஷ்ணப்பன் கையால்தான் குடித்தார்.

31 ஆகஸ்ட்

கருமாதி முடிந்தது. ஊர் வழக்கப்படி, தனக்குப் பங்கு வேண்டாம் என்று ருக்மணி கையெழுத்திட விடுதலைப் பத்திரம் எழுதி வைத்திருந்தேன். நல்ல நடையில் எழுதியிருந்தேன். கிருஷ்ணப்பனும் இருந்தான்.

அவள் பேனாவைத் தொடவே இல்லை.

"நான் எதுக்குண்ணா போடணும்? அப்பா இன்டெஸ்டேட்டா பூட்டாரு. எனுக்கும் ஒரு பங்கு உண்டு. நீதானே தெனமும் படிச்சே?"

வார்த்தையைச் சுத்தமாகச் சொன்னாள்.

கிருஷ்ணப்பன் தொடையில் தட்டிச் சிரித்தான். "எனுக்கு வர வேண்டிய தோட்டத்தக் கெடுத்தே. இப்ப உன் பாதியும் பூட்டுது. இன்னும் நல்லா கத்திப் படி!"

அவனுக்கும்தானே நஷ்டம்? எதற்குச் சிரிக்கிறான்? என் வூட்டுச் சோத்தத் தின்னுட்டு, என் வாயிலேருந்தே புடுங்கிக்கினு... ஏழு மாசமா எதுருல உக்காந்து... புளி! புளி எடுத்தாளாம்!

இனி எழுத முடியவில்லை.

8 செப்டம்பர்

கடைசியில் ஓசூருக்குப் போய் ஒரு வக்கீலுக்குக் கும்பிடு போட்டேன். என்னைவிட இருபது வயது சின்னவன்.

"தினமும் பேப்பர் படிப்பேன்னு சொன்னீங்களே, இதைப் படிக்கலீங்களா?" என்றான்.

மூன்று பேருக்கும் சமபங்கு. விதவை மகளை வீட்டைவிட்டு அனுப்பவும் முடியாதாம். சட்டம் தெரியும் எனக்கு. அது எங்கள் வீட்டுக்குள்ளும் நுழையும் என்றுதான் நினைக்கவில்லை.

23 செப்டம்பர்

ஊர்க்கவுண்டர் ஆஞ்சப்பன் முன்னிலையில் பேச்சு. பங்கு பிரிப்பதில் எங்கள் பக்கத்து வழக்கம்: மூத்தவன் நிலத்தைப் பிரிக்க வேண்டும், கடைசியில் பிறந்தவன் முதலில் எடுக்க வேண்டும், மூத்தவனுக்கு மிச்சம். மூத்தவன் திருடக் கூடாது என்பதற்காக எவனோ கண்டுபிடித்தது.

கடைசியில் பிறந்தவள் ருக்மணி.

"இந்த வரிசை ஆண் மக்களுக்குத்தான்" என்றேன்.

"பங்கு உண்டுன்னா வரிசையும் உண்டுப்பா" என்றார் ஆஞ்சப்பன். அவருக்கு மூன்று மகள்கள். வீட்டுக்குப் போனதும் தெரியும்.

30 செப்டம்பர்

காலையிலிருந்து கயிறு பிடித்தேன். தோட்டத்தை மூன்றாக்கினேன். நல்ல மண்ணை ஒரு பக்கம் கூட்டிவைக்கப் பல விதமாக யோசித்தும் பயனில்லை. நான் கூட்டுவதை அவள் எடுப்பாள், கழிப்பது எனக்கு வரும். அதனால் ஒரு சாண்கூடச் சாயாமல் அளந்தேன். ஆஞ்சப்பன் என்னைப் பாராட்டினார். செருப்பால் அடித்திருக்கலாம்.

ருக்மணி மூன்று பங்கையும் சுற்றி நடந்தாள். மேற்கிலும் கிழக்கிலும் மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு நடுப்பங்கில் போய் நின்றாள்.

"இது எனுக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒட்டி இருந்தா வரப்புக்கு வரப்பு கேசு போடுவீங்க."

கிருஷ்ணப்பன் கிழக்கை எடுத்தான். மேற்கு என் தலையில்.

நடுவில் இரண்டு பக்கமும் அவள் வரப்பு. இனி கிருஷ்ணப்பனைத் திட்டுவதென்றால்கூட அவள் நிலத்தைத் தாண்டித்தான் திட்ட வேண்டும்.