பொங்காத மாவு

மார்கழி 9, செவ்வாய்.

இன்றைக்குப் பார்த்துத்தான் மரகதம் மாவு வாங்க வரவேண்டுமா? என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நங்கை. கல்யாணமான மறுநாள் பந்தியில் என் இட்லியைத் தூக்கிக் காட்டி, "இதுல ஊட்டுக்குச் சுவரே வெக்கலாம்" என்றவள். நான் மறக்கவில்லை. மருமகளும் நானும் வீட்டிலேயே மாவு ஆட்டி விற்க ஆரம்பித்ததிலிருந்து இந்தக் காந்தல் ஊரே வாங்குகிறது, அவள் மட்டும் வந்ததில்லை.

நேற்று உறைபனி. மருமகள் குண்டாவை அடுப்போரம் வைக்க மறந்துவிட்டாள். மாவு பொங்கவே இல்லை. அதைக் கொடுத்தால் மரகதம் அன்று சொன்னது சரியென்று ஆகிவிடும்.

"இன்னிக்கு மாவு இல்லைங்க, நங்கை" என்றேன்.

எனக்குப் பின்னால் நிறைந்திருந்த குண்டாவைப் பார்த்தாள். "அதை இன்னும் மனசுல வெச்சிருக்கறயா அம்மிணி? பல்லெல்லாம் எடுத்தாச்சு. இட்லிதான் இறங்குது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

வைத்திருக்கிறேன்தான். ஆனால் இல்லையென்றது அதற்காக இல்லை.

இப்போது குண்டா அடுப்போரம் இருக்கிறது. என் கம்பளியை அதற்குச் சுற்றிவிட்டேன். பொங்கிவிட்டால் காலையில் இட்லியாகவே ஊற்றி, சூடு ஆறுமுன் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஈறால் மென்று பார்த்துச் சொல்லட்டும்.