போர்த்தாத கோடி

ஜூன் 9, திங்கள்

சமயநல்லூர் பேச்சியம்மாள் உயிரோடு இருக்கிறார். ஆதாரம்: அவரே. காலையில் அலுவலகத்துக்குப் போன் போட்டுத் திட்டினார். மதியம் நேரில் போய் மீதியையும் வாங்கிக்கொண்டேன். காற்று துளி இல்லை. ஸ்கூட்டர் சீட் தோசைக்கல்.

விஷயம் நம் பேப்பரின் ‘இதே நாளில்’ பெட்டிச் செய்தி. சில மாதங்களாக என் தலையில். எங்கோ மீன் மழை, எங்கோ தானாக நகர்ந்த பாறை. வருடம் ஒருமுறை உள்ளூர்ச் சரக்கு: இறந்துவிட்டதாகக் கிடத்திய சமயநல்லூர்ப் பெண், தம்பி வந்து கோடிச் சேலை போர்த்தியதும் எழுந்து உட்கார்ந்தார். இந்த வெள்ளிக்கிழமை மறுபடி வர வேண்டும்.

“கோடி போத்தவே இல்லய்யா. நான் முழிக்கையில மேல கிடந்தது என் பழைய நூல் சேல. வருசா வருசம் என்னையவே கொல்றீகளே, உங்களுக்கு வேற பொணமே கிடைக்கலயா?”

கோபத்துக்குக் காரணம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு கடைசியாக எடுப்பது கோடி. அது மேலே விழுந்துவிட்டால் அந்த வீட்டோடு உறவு முடிந்தது. அழைப்பு இல்லை, சீர் இல்லை. தம்பி வெள்ளைச்சாமி திருவாதவூரில். அவர் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்களாம். கேட்டால் நம் பேப்பரைக் காட்டுகிறார்களாம்.

ஜூன் 10, செவ்வாய்

வாங்க: பிரஷர் மாத்திரை, குளியலறைக்கு பல்பு.

பழைய செய்தியைப் பார்த்தேன். ‘போர்த்தியதும்’ என்றுதான் இருக்கிறது. யார் சொன்னார் என்று இல்லை. எழுதிய நிருபர் காலமாகிவிட்டார். செய்தி ஆசிரியரிடம் போனேன். (இனி செ.ஆ. முழுதாக எழுதும் மரியாதை இன்றோடு சரி.) ஏசி ரிமோட்டை மேசையில் கூட வைக்க மாட்டார், கையிலேயே இருக்கும்.

“அண்ணே, அந்தக் கோடிதான் நியூஸுக்கே உயிரு. அத உருவிட்டா என்ன இருக்கு? காய்ச்சக்காரி எந்திரிச்சு உக்காந்தா. அம்புட்டுத்தானே?”

நடக்காததை எத்தனை வருடம் போடுவது என்றேன்.

“போத்துன மனுசன் மறுக்கல. உங்களுக்கு ஏண்ணே வலிக்குது?”

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். கொஞ்சம் பலமாக.

ஜூன் 11, புதன்

திருவாதவூர். மேலூர் ரோட்டில் பஞ்சர். ஒட்டியவன் என் வயதைக் கேட்டான். சொல்லவில்லை.

வெள்ளைச்சாமி வீட்டு முன் பந்தல்கால் நட்டாகிவிட்டது. உட்காரச் சொல்லவில்லை. தண்ணீரும் இல்லை.

“கல்யாண வீட்டுக்கு மொய் செய்ய வந்தீகளா, வம்பிழுக்க வந்தீகளா?”

அக்கா மேல் கோடியைப் போர்த்தினீர்களா என்று மட்டும் கேட்டேன்.

“பேப்பர்ல போட்டிருக்குல்ல?”

பேப்பர் நான்தான், நீங்கள் சொல்லுங்கள் என்றேன். பந்தல்காரர்களைப் பார்த்தார். என் கையைப் பிடித்து மாட்டுக் கொட்டத்துப் பக்கம் இழுத்துப் போனார். பிடி வலித்தது.

“கிட்டக்கப் போனேன். பட்டுன்னு எந்திரிச்சு உக்காந்தா. ஓடிட்டேன்யா. சேலையோட ஓடிட்டேன். கம்மாக்கரையிலதான் நின்னேன். அன்னைக்கு ஊரே சிரிச்சிருக்கும். மறுநா உங்காளு நான் போத்துனேன்னு போட்டாரு. எவனும் சிரிக்கல. சம்பந்தகாரங்க வர்ற நேரத்துல பயந்தாங்கொள்ளிப்பயன்னு பேரு எடுக்கச் சொல்றீகளா?”

அதற்காக அக்காவைச் செத்தவர் கணக்கில் வைப்பதா என்றேன்.

“எழுதிப் பாருங்க. நான் சொல்லவே இல்லன்னுருவேன்.”

வெளியே வரும்போது பந்தல்காரர் ஒருவர் வெள்ளைச்சாமியிடம்: “என்ன மாப்ள, பேப்பர்ல உன் போட்டோ வரப்போகுதா?” அதற்கும் சிரிக்கவில்லை அந்த ஆள்.

ஜூன் 12, வியாழன்

மேகம். மழை இல்லை. இடுப்பு வலி.

பெட்டியைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: ‘கோடி போர்த்துவதற்கு முன்பே எழுந்தார்.’ ஆதாரம்: சம்பந்தப்பட்டவர். செ.ஆ. பார்க்கும்போதே ரிமோட்டால் மேசையைத் தட்டினார். “விடுங்க, பாத்துக்கறேன்.” இப்படிச் சொன்ன எதையும் இந்த ஆள் பார்த்துக்கொண்டதாக நினைவில்லை.

பேச்சியம்மாளுக்குப் போன். தம்பி ஓடியதைச் சொன்னேன். சொல்லாதே என்று வெள்ளைச்சாமி என்னிடம் கேட்கவில்லை. மறுப்பேன் என்று மிரட்டினார், அவ்வளவுதான்.

“ஓடுனானா? எனக்குப் பயந்தா?”

ஆமாம் என்றேன்.

“சின்னதுல இடி இடிச்சா என் முந்தானைக்குள்ளதான் ஒளிவான், சண்டாளன்.” வைத்துவிட்டார்.

ஜூன் 13, வெள்ளி

வந்துவிட்டது. பழைய வாசகம் அப்படியே. கூடுதலாக ஒரு படம்: பாடையில் பெண், பட்டுக் கோடி, பக்கத்தில் மீசை முறுக்கிய தம்பி. வெள்ளைச்சாமி சட்டம் போட்டு மாட்டுவார். செ.ஆ. நிமிர்ந்து பார்க்கவில்லை. இனி அந்தப் பெட்டியை அவரே நிரப்பட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கும் “சரிண்ணே” தான்.

மாத்திரை வாங்கினேன். பல்பு மறந்துவிட்டது.

பேச்சியம்மாளுக்கு நானே போன் போட்டேன். திட்டுக்குத் தயாராக இருந்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

“பாத்தேன். நல்லாத்தான் வரஞ்சிருக்கான். நான் ஞாயித்துக்கெழம போறேன்.”

அழைப்பு வந்ததா என்றேன்.

“எதுக்கு? என் தம்பி மக. போய் வாசல்ல நிப்பேன். ‘வாக்கா’ன்னு ஒரு வார்த்த சொன்னா, அவன் ஓடுன கத என்னோட போகும். சொல்லலன்னா மைக்செட்டுக்காரன்கிட்ட மைக்க வாங்குவேன். நீயும் வா. இந்தத் தடவையாச்சும் கண்ணால பாத்து எழுது.”

உறுதியானது: பேச்சியம்மாள் போகிறார். நானும் போகிறேன், விடுப்பு சொல்லியாகிவிட்டது. நிலுவை: வெள்ளைச்சாமி வாயைத் திறப்பாரா. ஞாயிறு காலை, தாலி ஏறுவதற்குள் தெரியும்.